கரண்டு வண்டியா, கலப்பு வண்டியா: வினிபெக்கில் ஒரு போடிக்காரியின் பஞ்சாயத்து

1

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் ரவா கேசரி கிண்டினேன். என்ன விசேஷம் என்று வீட்டுக்காரர் கேட்டார். எனக்கு லைசென்ஸ் வந்து இன்றோடு ஒரு வருஷம் என்றேன். அவர் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டு, முந்திரி குறைச்சல் என்று ஒரு குறையும் சொல்லிவிட்டு, மறுபடியும் மடிக்கணினிக்குள் தலையை விட்டுக்கொண்டார். அங்கே என்ன பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்கு வாங்கப்போகும் காரைத்தான் பார்க்கிறார். ஒரு வருஷமாகப் பார்க்கிறார். ஒரு பையனுக்கு இத்தனை இடத்தில் பெண் பார்த்திருந்தால் சொஜ்ஜி பஜ்ஜி தின்றே அவனுக்குச் சர்க்கரை வியாதி வந்திருக்கும்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் என்னைச் சொல்லிவிடுகிறேன். நான் ஈஸ்வரி. சொந்த ஊர் போடிநாயக்கனூர். அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவள். தினமும் விடியுமுன் ஜீப்பு ஏறி, போடிமெட்டு தாண்டி, கேரளத்துத் தோட்டத்துக்குப் போய், பொழுது சாய வீடு வருவாள். அண்ணன் செல்லப்பாண்டி அந்த ஜீப்புகளில் ஒன்றை இன்றைக்கும் ஓட்டுகிறவன். நான் கல்யாணமாகி வினிபெக் வந்து பதினேழு வருஷம். கனடாவின் நட்டநடுவில் இருக்கிற ஊர். மலை கிடையாது, மேடு கிடையாது, தோசைக்கல் மாதிரி தட்டையாகக் கிடக்கும். ஒரே வித்தியாசம், தோசைக்கல் சுடும்.

இந்தப் பதினேழில் பதினோரு வருஷமாக, வீட்டுக்குப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் படுக்கை விரிப்பு துவைத்து மடிக்கிறேன். யாராவது என் முன்னால் நியூஸ்பேப்பரை விரித்தால்கூட அதன் நான்கு முனையையும் என் கை தேடும். போதுமடா சாமி என்றுதான் இரண்டு வருஷம் சாயங்கால வகுப்புக்குப் போய், முதியோர் இல்லத்தில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சான்றிதழ் வாங்கினேன். வேலை இரண்டு தடவை கிடைத்தது. இரண்டு தடவையும் கைநழுவிப் போனது. காலை ஆறு மணிக்கு ஊரின் மறுகோடியில் நிற்க வேண்டும், அந்த நேரத்துக்கு ஒழுங்கான பஸ் கிடையாது. வீட்டுக்காரரும் அதே ஆறு மணிக்கு இன்னொரு கோடியில் நிற்க வேண்டும். வீட்டில் இருப்பது அவருடைய பழைய கார் ஒன்றுதான்.

இப்போது மூன்றாவதாக ஓர் இல்லம் கூப்பிட்டிருந்தது. மேலாளர் அம்மாள் கறாரானவள். அடுத்த வார சனிக்கிழமைக்குள் வண்டி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடு, இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்கு என்று சொல்லிவிட்டாள். கேசரி கிண்டிய வியாழனுக்கும் அந்தச் சனிக்கும் நடுவில் இருந்தது ஒன்பது நாள். வீட்டுக்காரர் அன்றைக்கும் மடிக்கணினியில் போட்டுவைத்த கார்ப் பட்டியலில் ஒரு புது வரிசை சேர்த்துக்கொண்டிருந்தார்.

2

பஞ்சாயத்தின் வேர் எங்கே என்று தோண்டினால் அது நான் வந்த முதல் குளிர்காலத்தில் போய் நிற்கும். தெருவில் நிற்கிற ஒவ்வொரு காரின் மூக்கிலிருந்தும் ஒரு வயரும் பிளக்கும் தொங்குவதைப் பார்த்தேன். ராத்திரியானால் எல்லோரும் அதைச் சுவரில் சொருகிவிட்டுப் போய்ப் படுத்தார்கள். நான் உடனே அண்ணனுக்குப் போன் போட்டு, இங்கே காரெல்லாம் கரண்டில்தான் ஓடுகிறது என்று சொல்லிவிட்டேன்.

அது அப்படியில்லை. குளிரில் எஞ்சின் விறைத்துப்போய்க் காலையில் கிளம்பாது, அதனால் ராத்திரி முழுக்க அதற்குச் சூடு வைக்கிற ஏற்பாடு அது. அத்தனையும் பெட்ரோல் வண்டி. இது எனக்குத் தெரிய இரண்டு குளிர்காலம் ஆனது. அதற்குள் அண்ணன் ஜீப்பு ஸ்டாண்டில் சொல்லி, ஸ்டாண்டு போடி முழுக்கச் சொல்லி, டீக்கடையில் என் பேர் ஒரு விஞ்ஞானி ரேஞ்சுக்குப் போய்விட்டது. திருத்த மனசு வரவில்லை. கெடக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

நஷ்டம் எனக்குத்தான் வந்தது. கலப்பு வண்டி வாங்கவா, முழுக் கரண்டு வண்டி வாங்கவா என்று நான் அண்ணனிடம் கேட்டபோது அவன் குழம்பிப்போனான். அங்கேதான் எல்லாமே கரண்டு என்று சொன்னாயே, அப்புறம் என்ன புதுசாகக் கேட்கிறாய் என்றான். பதினைந்து வருஷத்துப் பொய்யை ஒரே மூச்சில் எப்படி ஒப்புக்கொள்வது. இங்கே கவர்மென்ட்டு மாறிவிட்டது, இப்போது பெட்ரோலும் ஊற்றலாம் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் அதையும் ஸ்டாண்டில் சொல்லிவிட்டான்.

3

கலப்பு வண்டி என்றால் என்ன என்று அவனுக்கு விளங்கவைக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஒரே வண்டிக்குள் பெட்ரோல் எஞ்சினும் இருக்கும், பேட்டரியும் மோட்டாரும் இருக்கும், மெதுவாகப் போனால் கரண்டு, வேகமெடுத்தால் பெட்ரோல், எப்போது எது என்று வண்டியே பார்த்துக்கொள்ளும் என்றேன். அப்படியென்றால் அது ரெண்டு பொண்டாட்டிக்காரன் குடும்பம் என்றான். இன்றைக்கு எந்த வீட்டில் சோறு என்று கடைசி வரைக்கும் அவனுக்கே தெரியாதாம்.

கரண்டு வண்டியைச் சொன்னபோது அவனுக்குக் கண் விரிந்தது. இறக்கத்தில் வந்தால் பேட்டரி தானாகச் சார்ஜ் ஏறும் என்று நான் வாயைக் கொடுத்துவிட்டேன். போடிமெட்டிலிருந்து அடிவாரத்து முந்தல் வரைக்கும் கொண்டை ஊசி வளைவாக இறங்குகிற ரோட்டில் முப்பது வருஷமாகப் பிரேக்கைத் தேய்த்தவன் அவன். இத்தனை வருஷம் வீணாகப் போன இறக்கத்தை எண்ணி அவனுக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. மறுநாளே திட்டத்தோடு கூப்பிட்டான். காலையில் வண்டி காலியாக ஏற வேண்டியது, சாயங்காலம் ஏலக்காய் மூட்டையோடு பாரமாக இறங்க வேண்டியது. ஏறச் செலவாகும் கரண்டைவிட இறங்க வருகிற கரண்டு அதிகம். மிச்சத்தை வீட்டுக்கு இழுத்து மாவாட்டிக்கொள்ளலாம். காலையில் தோட்டத்துக்கு ஏறிப் போக வேண்டிய ஆட்களை என்ன செய்வது என்று கேட்டேன். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, அவர்கள் அடுத்தவன் ஜீப்பில் ஏறி வரட்டும் என்றான்.

அதற்கப்புறம்தான் அவனுக்கு என் ஊர் நினைவுக்கு வந்தது.

"எறக்கமே இல்லாத ஊருல கரண்டு வண்டிய வாங்கி என்ன ஆத்தா பண்ணப்போற? மாப்ள சொல்றதையே வாங்கு. அவுக படிச்சவுக."

மாப்பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர், கலப்பு வண்டிக் கட்சி. தேனிக்காரர். எதிலும் ஒரு கால் ஆற்றிலும் ஒரு கால் சேற்றிலும் வைத்தால்தான் அவருக்கு நிம்மதி. கரண்டு தீர்ந்தால் பெட்ரோல் இருக்கு, பெட்ரோல் தீர்ந்தால் கரண்டு இருக்கு என்று தாலாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே இருப்பார். நல்ல மனுஷன், ஒரு குற்றம் சொல்ல முடியாது. அவருடைய பட்டியலில் நாற்பத்து மூன்று வரிசை இருந்தது. டயர் அகலம் முதல் கோப்பை வைக்கிற குழியின் ஆழம் வரைக்கும் எல்லாம் இருந்தது. ஓட்டப்போகிறவள் பெயர் மட்டும் எந்த வரிசையிலும் இல்லை.

4

என் லைசென்ஸ் கதையையும் சொல்லிவிட வேண்டும். நான்காவது தடவைதான் தேறினேன். முதல் தடவை போனது ஹாரனால். சின்ன வயசில் பள்ளி லீவில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து மலை ஏறுவேன். வளைவு வந்தால் அவன் "அடி" என்பான், நான் கையை நீட்டி ஹாரனை அமுக்குவேன். எதிரே வருகிறவனுக்கு நாம் வருவது தெரிய வேண்டுமே. வண்டி ஓட்டுவதில் எனக்கு அப்போது தெரிந்தது அது ஒன்றுதான். பரீட்சை நாளில் முதல் தெருமுனை வந்தது, என் கை தானாகப் போய் அமுக்கியது. இரண்டாவது முனையிலும் அமுக்கினேன். பரீட்சை வைக்கிற ஐயா யாரைக் கூப்பிடுகிறாய் என்று கேட்டார். எதிரே வருகிறவனை என்றேன். எதிரே யாரும் இல்லையே என்றார். அதனால்தான் அடித்தேன் என்றேன். ஏழாவது முனையில் ஒரு கிழவர் ஜன்னலைத் திறந்து திட்டினார். என்னை அத்தோடு திரும்பச் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது தடவை ரொம்ப மெதுவாகப் போனேன் என்றார்கள். மூன்றாவது தடவை நின்று போக வேண்டிய இடத்தில் நின்ற மாதிரி நடித்துவிட்டுப் போனேன் என்றார்கள். அது உண்மைதான்.

கேசரி கிண்டிய மூன்றாம் நாள், சனிக்கிழமை, குடும்பமாகக் கலப்பு வண்டியை ஓட்டிப் பார்க்கப் போனோம். என் வண்டி, என் லைசென்ஸ், என் வேலை. ஷோரூம் பையன் நேரே வீட்டுக்காரருக்குத்தான் கை கொடுத்தான், சாவியையும் அவர் கையில்தான் வைத்தான். அவரும் பழக்கதோஷத்தில் வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் முன்னால் உட்கார்ந்து நாற்பத்து மூன்று வரிசையையும் பேசினார்கள். நான் பின்சீட்டில் மகளோடு உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். திரும்பி வந்தபிறகு, உனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். பின்சீட்டு நன்றாக இருக்கிறது என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பட்டியலை அப்படியே வாஷிங் மெஷினில் போட்டிருப்பேன், காகிதமாக இருந்திருந்தால்.

5

மகள் யாழினிக்குப் பதினாறு வயசு. அவள் தனிக் கட்சி. காரே கூடாது என்பாள். அவளுக்கு லைசென்ஸ் வேண்டாமாம், சைக்கிள் போதுமாம். தமிழில் ஆரம்பித்து மூன்றாவது வார்த்தையில் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவாள், நான் பின்னாலேயே ஓடிப் பிடிக்க வேண்டும். அன்றைக்கு என் முன்னால் வந்து நின்று, பூமி சூடாகிக்கொண்டே போகிறது தெரியுமா என்று கேட்டாள். வெளியே மைனஸ் இருபத்தெட்டு. இந்தப் பக்கம் எப்போது வரும் என்று கேட்டேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கேலியாகத்தான் சொன்னேன். ஆனால் கதவுக்கு இந்தப்புறம் நிற்கும்போது மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. என் கேலி அவளுக்கு விளங்குகிற மொழியில் எனக்கு வராது.

ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்து, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கரண்டு வண்டி வாங்கும்மா என்று சொல்லிவிட்டுப் போனாள். அது ஒரு ஓட்டு. பாதி ஓட்டு என்றாவது வைத்துக்கொள்ளலாம்.

கரண்டு வண்டிக்குப் பெரிய முட்டுக்கட்டை எங்கள் வாடகை வீடு. வீட்டு ஓனர் வெளிச்சுவரில் ஒரு பிளக்குதான் கொடுத்திருக்கிறான், அது எஞ்சின் சூடாக்க மட்டும் என்று மேலே எழுதியும் ஒட்டியிருக்கிறான். சார்ஜர் மாட்ட உதவி கிடைக்கிறதா என்று ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். படிவம் அனுப்பினார்கள். முதல் கேள்வி, வீடு சொந்தமா. இல்லை என்று குறித்தால் இரண்டாவது படிவத்துக்குப் போகச் சொன்னது. இரண்டாவது படிவம், வீட்டு உரிமையாளர் முதல் படிவத்தை நிரப்பிவிட்டாரா என்று கேட்டது. அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வண்டி வாங்கிவிட்டாயா, வாங்கியபின் வா என்றான். அலுவலகத்தில் சொன்னேன், சார்ஜர் இருந்தால்தானே வண்டி வாங்குவாய் என்றார்கள். கல்யாணம் முடிந்தால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்ற கதை. கெடுவுக்கு இரண்டு நாள்தான் பாக்கி இருந்தது.

6

கெடு முடிகிற சனிக்கிழமை காலை, கறிவேப்பிலை வாங்கி வருகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் பஸ் ஏறி, வேறொரு ஷோரூமுக்குத் தனியாகப் போனேன். அங்கே டைலர் என்று ஒரு பையன் இருந்தான். நெட்டையான உடம்பு, மெல்லிசான கோட்டு. இந்த ஊரில் பிறந்தவர்கள் குளிரை மதிக்கமாட்டார்கள். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டான். நான்தான் வந்திருக்கிறேன் என்றேன். சாவியை என் கையில் கொடுத்தான். சாவிகூட இல்லை, ஒரு அட்டை. அதற்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவன் குளிரால் என்று நினைத்திருப்பான்.

வண்டியில் சத்தமே இல்லை. எப்போது ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று கேட்டேன். ஐந்து நிமிஷமாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றான். ஒரே ஒரு விஷயம் சொன்னான். மிதித்தால் போகும், காலை எடுத்தால் தானாகவே நின்றுவிடும், பிரேக்குக்கு அவ்வளவாகச் சோலி இல்லை. சரி என்று தலையாட்டினேன். பாதி விளங்கியது.

அவனிடம் சொல்லாமல் நான் அந்த முதியோர் இல்லம் இருக்கிற ரோட்டில்தான் வண்டியை விட்டேன். வேலை கிடைத்தால் தினமும் போக வேண்டிய பாதை, எப்படி இருக்கிறதென்று பார்த்துவிடலாமே. வழியில் ஒரு பஸ் நிறுத்தம். மூன்று பெண்கள் தோளை ஒடுக்கிக்கொண்டு, கையில் சாப்பாட்டுப் பையோடு நின்றார்கள். அதில் ஒருத்தி பஸ் வருகிறதா என்று ரோட்டில் இறங்கிக் கையைத் தூக்கிப் பார்த்தாள்.

எங்கள் பக்கத்து ஜீப்பு வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் கையில் சாப்பாட்டுத் தூக்கோடு ரோட்டோரம் நிற்கிற பொம்பளையைத் தாண்டி, காலி சீட்டோடு ஒரு ஜீப்பு மலை ஏறாது. ஏறினால் சாயங்காலம் ஸ்டாண்டில் அந்த டிரைவர் காது கிழியும். எங்கள் அம்மாவே நான்கு பேரைக் கிழித்திருக்கிறாள்.

அந்தக் கையைப் பார்த்ததும் என் கால் மிதியிலிருந்து தானாக எழுந்துவிட்டது. வேறு எந்த வண்டியாக இருந்தாலும் உருண்டு போயிருக்கும், நானும் சுதாரித்திருப்பேன். இந்தப் பாழாய்ப்போன வண்டி அவர்கள் முன்னால் போய், அளவெடுத்த மாதிரி நின்றுவிட்டது. பின்கதவு திறந்தது. மூன்று பேரும் ஏறி உட்கார்ந்து, கடவுள் உன்னை ஆசீர்வதிப்பார் என்றார்கள். டைலர் என்னைப் பார்த்தான், நான் ரோட்டைப் பார்த்தேன். ஏறியவர்களை இறக்கிவிடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

முக்கால் மணி நேரமாகப் பஸ் வரவில்லையாம். கை விரல் செத்துவிட்டதாம். ரோசாலி என்ற பிலிப்பைன்ஸ் பெண்தான் பேசினாள், மற்ற இருவரும் பல் கிட்டிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். எங்கே போகவேண்டும் என்று கேட்டேன். அவள் அந்த இல்லத்தின் பெயரைத்தான் சொன்னாள், அன்றைக்கு அவர்களுக்கு மதிய ஷிப்டாம். அதே ரோடு, அதே பஸ், ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டேன்.

ரோசாலி வழியெல்லாம் பேசினாள். மற்ற நாளில் இப்படிப் பஸ் காலை வாரும். ஞாயிறு அதிகாலையில் பஸ்ஸே கிடையாது, நாலு பேர் சேர்ந்து டாக்சி பிடிப்போம், நாலாவது ஆள் இன்றைக்கு லீவு என்றாள். டைலர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் கண் திரையில் இருந்த எண்ணிலேயே ஒட்டியிருந்தது. கிளம்பும்போது முப்பத்தெட்டு சதவீதம். குளிருக்கும் ஹீட்டருக்கும் அது சரசரவென்று இறங்கி, இல்லத்து வாசலில் நிற்கும்போது பன்னிரண்டு. ராத்திரி சார்ஜ் போட மறந்தது யார் என்று அவன் போனில் யாரையோ கேட்டான். பதிலைக் கேட்டதும் முகம் தொங்கிப்போனது. மறந்தது அவன்தான்.

இல்லத்து வாகன நிறுத்தத்தில் எஞ்சின் சூடாக்குகிற பிளக்குகள் வரிசையாக இருந்தன. டைலர் டிக்கியிலிருந்து வயரை எடுத்துச் சொருகினான். மெதுவாகத்தான் ஏறும் என்றான். அவன் வயரும் கையுமாக நிற்கும்போது மேலாளர் அம்மாள் வெளியே வந்தாள். பஸ் வரவில்லை, ஆள் வராது என்று கலங்கிப்போய் இருந்தவள், மூன்று பேரும் காரிலிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். இது உன் வண்டியா என்று கேட்டாள்.

பதினோரு வருஷத்து விரிப்புகள் எல்லாம் கண்முன்னால் விரிந்தன. நாற்பத்து மூன்று வரிசையும் வந்து போனது. ஆமாம் என்றேன்.

மேலாளர் டைலரைப் பார்த்தாள். வியாபாரம் முடிகிற சத்தம் அவனுக்கு நன்றாகத் தெரியும்போல. அவங்க வண்டிதான், நான் சும்மா கூட வந்தேன் என்றான்.

அப்படியென்றால் நாளை விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு என்றாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, விழுங்கிக்கொண்டேன். அழுகையோடு அழுகையாக, வேலை நேரத்தில் இந்தப் பிளக்கில் வண்டியைச் சொருகிக்கொள்ளலாமா என்றும் கேட்டுவைத்தேன். பிளக்கு பின்னே எதற்கு இருக்கிறது என்றாள். இத்தனை நாளாக இரண்டு படிவமும் வீட்டு ஓனரும் அந்த அலுவலகமும் சேர்ந்து முடிக்காததை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டுப் போய்விட்டாள்.

சார்ஜ் ஏறுவதற்காக உள்ளே மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். டைலர் தாத்தா பாட்டிகளோடு எண் விளையாட்டு ஆடி, ஒரு ஜோடி கம்பளிக் காலுறை ஜெயித்தான். திரும்பும்போது கரண்டு மிச்சம் பிடிக்க ஹீட்டரை அணைத்துவிட்டான். உறை பனியில் இரண்டு பேரும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வந்தோம். அவன் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டான். கரண்டு வண்டியின் குறை என்ன என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன். மைனஸ் இருபதில் சார்ஜ் போடாமல் கிளம்பாதீர்கள். ஷோரூம் வாசலில் நிற்கும்போது மூன்று சதவீதம் இருந்தது. உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். அவன் கைக்கு எழுதவே வரவில்லை, என் கைக்கு நன்றாக வந்தது.

7

கறிவேப்பிலை எங்கே என்று வீட்டுக்காரர் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். யாழினி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல, ஈஸு."

"ஒரு வருசமா சொல்லிக்கிட்டேதாங்க இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அவருக்குக் குத்தியிருக்கும். எழுந்து போய் மடிக்கணினியைத் திறந்தார். நான் போய் எட்டிப் பார்த்தேன். நாற்பத்து நான்காவதாக ஒரு வரிசை போட்டு, நேரே என் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். மனுஷனுக்குத் தெரிந்த வழியில் அதுதான் மன்னிப்பு.

அண்ணனுக்குப் போன் போட்டேன். எத்தனை சீட்டு என்று கேட்டான். டிரைவரோடு ஐந்து என்றேன். வெறும் அஞ்சா, அப்ப அது காரில்லை, ஆட்டோ என்றான். அடுத்த நிமிஷமே ஸ்டாண்டில் யாரிடமோ, எங்க வீட்டுப் புள்ள கனடாவுல லைனு வண்டி ஓட்டப்போகுது என்று சொல்வது போனிலேயே கேட்டது. நான் திருத்தவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு யூனிபார்ம் போட்டுக்கொண்டு, மதியச் சோற்றைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். முதல் நாள் சாயங்காலம் பக்கத்துக் கடைத்தெருவில் முழுச் சார்ஜ் போட்டு நிறுத்தியிருந்த வண்டி. கண்ணாடியில் பனி சுரண்டியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. வீட்டுக்காரர் கோட்டும் குல்லாவுமாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். நான் எழுமுன்பே எழுந்து வந்து வண்டியைச் சூடாக்கி வைத்திருக்கிறார். கண்ணாடியை இறக்கினார்.

"ரோடெல்லாம் ஐஸா கெடக்கு ஈஸு. மொத நாளு வேற. இன்னைக்கி லீவுதான, நான் கொண்டுபோய் விட்டுட்டு வந்துர்றேன். நீ அந்தப் பக்கம் ஏறு."

அவர் சொன்னதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. பயம்தான். நான் வழுக்கி எங்கேயாவது போய் மோதிவிடுவேனோ என்று ராத்திரி தூங்கியிருக்கமாட்டார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் சுற்றிப் போய் ஏறிவிட்டால் கதகதப்பாகப் போய் இறங்கலாம். பதினேழு வருஷமாக அந்தப் பக்கம்தான் ஏறினேன்.

"வழியில ரோசாலியோட சேத்து நாலு பேரு ஏறுவாங்க. எடமில்லங்க."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு இறங்கினார். குனிந்து, சீட்டை என் உயரத்துக்கு முன்னால் தள்ளிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஏறி உட்கார்ந்தேன்.